அரக்குப் புடவைக்கு விலைக் குறைப்பு இல்லை

“எடுத்தது நான்தாம்மா. மறைக்க மாட்டேன்.”

மானேஜர் அர்ஜுனன் கைகளைக் கட்டிக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டார். துப்பறியும் அம்சவேணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். விசாரணை ஆரம்பித்தபோது வாங்கி வைத்த காபிகூட இன்னும் ஆறவில்லை.

“எங்க வச்சிருக்கீங்க?”

“மாமியார் வீட்டுல.”

“புடவையையா?”

“புடவையா?” அர்ஜுனன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். “நான் டால்டா டின்னைச் சொல்றேம்மா! தள்ளுபடிக்கு வந்த சரக்குல ஒரே ஒரு டின்னு. வெளியில கிடைக்கிற காலமா இது? மாமியா வேற வாயத் திறந்தா பலகாரம் பலகாரம்னுது...”

நாற்காலிக்குப் பின்னால் ஒரு இருமல் கேட்டது. சிரிப்பை விழுங்கும் இருமல். கலியன்தான். அம்சவேணிக்கு உதவியாளன், சாரதி எல்லாம் அவன்தான். அவனுடைய சைக்கிள் ரிக்‌ஷாவில்தான் அவள் காஞ்சிபுரம் முழுக்கத் துப்பறிந்தாள். ரிக்‌ஷாவைவிட அவன் வாய் வேகமாக ஓடும்.

“அம்மா, நீங்க துப்பறியவே வேணாம். நாற்காலியப் போட்டு உக்காந்தா போதும், ஊரே வரிசையில நின்னு ஒத்துக்கும். சோப்பு கவுன்டர் லில்லி இன்னா சொல்லிச்சி?”

“ஷாம்பூ பாட்டிலைத் திறந்து தலைக்குப் போட்டுக்கிட்டு, குறைஞ்ச அளவுக்குத் தண்ணிய ஊத்தி மூடிட்டாளாம்.”

“எவர்சில்வர் தர்மன்?”

“முதல்ல விலைய ஏத்தி எழுதி, அதைச் சிவப்பு மையில அடிச்சி, பழைய விலையவே ‘குறைச்ச விலை’ன்னு எழுதினானாம்.”

“அட, அது குத்தமாம்மா? அதுக்குப் பேரு வியாபாரம்” என்றான் கலியன்.

எழுபத்து நாலாம் வருஷத்து ஆடி அது. விலைவாசி ஏறின ஏற்றத்தில் ஊரில் யாருக்கும் மனசு சுத்தமாக இல்லை. சர்க்கரைக்கு ஒரு க்யூ, மண்ணெண்ணெய்க்கு ஒரு க்யூ. அந்த நேரம் பார்த்து, காந்தி ரோட்டில் உப்பிலிருந்து பட்டு வரைக்கும் ஒரே கூரையின் கீழ் விற்கிற வீரபாகு டிபார்ட்மென்ட் ஸ்டோரில் பெரிய துணிப் பதாகை கட்டினார்கள். ‘விலைவாசி மேல் படையெடுப்பு! வாசல் முதல் மாடி வரை எல்லாச் சரக்கும் விலைக் குறைப்பு!’ எது வாங்கினாலும் கையில் ஒரு சீட்டு. கடைசி நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் குலுக்கல். பரிசு, மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்து வைத்திருந்த அரக்குக் கலர் பட்டுப் புடவை. அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்கென்றே பெண்கள் படியேறி வந்தார்கள். இறங்கும்போது கால் கிலோ பருப்பாவது வாங்கிக்கொண்டு போனார்கள்.

இன்று அந்தக் கடைசி நாள். காலையில் பார்த்தால் பெட்டி காலி.

“பூட்டு உடையலை” என்றாள் அம்சவேணி. “சாவி யார் யார்கிட்ட?”

“ரெண்டே சாவிதாம்மா” என்றார் அர்ஜுனன். டால்டாவை விட்டுப் பேச்சு நகர்ந்ததில் அவருக்கு உயிர் வந்திருந்தது. “ஒண்ணு பட்டுப் பிரிவு அங்கம்மா இடுப்புல. இன்னொண்ணு முதலாளியோட இரும்புப் பெட்டிக்குள்ள. முதலாளி சரக்க முதலாளியே திருடுவாரா? அப்போ அங்கம்மாதானே?”

“அவ என்ன சொல்றா?”

“வாயே திறக்கலை. அதான் இன்னும் சந்தேகம். குலுக்கல் நேரத்துக்குள்ள புடவை வரலைன்னா போலீசுல ஒப்படைச்சிடுவேன்னுட்டார் முதலாளி. நான்தான், ஊர்ல அம்சவேணியம்மா இருக்கும்போது போலீஸ் எதுக்குன்னு...”

“போலீஸ் வந்தா டின்னையும் தேடும் இல்ல?” என்றான் கலியன்.

அர்ஜுனன் அவசரமாக மேஜை மேலிருந்த பில்களை அடுக்கினார்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு முதலாளி வீரபாகுவே உள்ளே வந்தார். நெடிய உருவம், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஆனால் முகத்தில் ஒரு வாரத் தாடி. பண்டிகை மாதிரி தோரணம் கட்டின கடைக்கு அந்த முகம் பொருந்தவில்லை. கைகளைப் பின்னால் கட்டியபடியே நின்று பேசினார்.

“கண்டுபுடிச்சிட்டீங்களா?”

“இப்பதானே வந்திருக்கோம்.”

“போலீசே போதும்னு சொன்னேன். இவன் கேக்கலை. பாருங்கம்மா, ஜனங்க சீட்டும் கையுமா வந்து நிப்பாங்க. நான் அவங்களுக்குப் பதில் சொல்லணும்.”

“அங்கம்மா எவ்வளவு நாளா இங்க வேலை செய்யறாங்க?”

“கடை திறந்த நாள்ல இருந்து.”

“இதுக்கு முன்னாடி ஏதாவது காணாமப் போயிருக்குதா?”

வீரபாகு அவள் முகத்தைப் பார்க்காமல், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். “இல்ல” என்றார். “ஒரு ரிப்பன்கூட போனதில்ல.”

வீட்டிலிருந்து சாப்பாட்டுக் கேரியர் வந்தது. அவர் அதைத் தொடவில்லை. “பசிக்கலை” என்று சொல்லிவிட்டு, வந்த வேகத்திலேயே வெளியே போனார். வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

“தாடி எதுக்கு?” என்று கேட்டாள் அம்சவேணி.

“தள்ளுபடி நல்லா நடக்கணும்னு வேண்டுதல்னார்” என்றார் அர்ஜுனன்.

அதற்குள் கலியன் கேரியரைத் திறந்திருந்தான். சாப்பாடு வீணாவதை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இரண்டு வாய் சாப்பிட்டான். முகம் கோணிற்று.

“ஐயே, இன்னாம்மா ரசம் இது! கடுகு இல்ல, கருவேப்பில இல்ல, சொட்டு எண்ண இல்ல. மளிகைய மூட்டை மூட்டையா குவிச்சி வச்சிருக்கிற ஆளு வீட்டுல தாளிக்கவே இல்லம்மா. விலைக் குறைப்ப ரசத்துல இருந்து ஆரம்பிச்சிட்டாரு.”

அம்சவேணி எழுந்து மாடிக்குப் போனாள்.

*

கண்ணாடிப் பெட்டி ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. புடவையை மேலிருந்து தொங்கவிட்டு விரித்திருந்த கம்பி காலியாக இருந்தது. அந்தக் கம்பிக்குப் பக்கத்தில், கண்ணாடியின் உள்பக்கம், மஞ்சளாக ஒரு விரல் தீற்றல்.

“மஞ்சள்!” என்றான் கலியன். “அப்போ பொம்பளதான். மஞ்ச பூசிக் குளிச்சிட்டுத் திருட வந்திருக்குது. சுத்தமான திருடி.”

“மூக்கை வச்சிப் பாரு.”

முகர்ந்தான். “கசப்பு வாசனை அடிக்குது.”

“ம்.” அம்சவேணி பெட்டிக் கதவின் கீலைக் குனிந்து பார்த்தாள். அவசரமாக உருவின புடவையின் நுனி கீலில் மாட்டி, நாலைந்து இழைகள் அறுந்து நின்றன. அவற்றைப் பதமாக எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். இழைகளின் ஒரு பாதி அரக்கு. மறுபாதி கடுகு மஞ்சள். நடுவில் முறுக்கிச் சேர்த்த இடம் திரண்டு தெரிந்தது.

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் அங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். உருவம் சின்னது. அழுது ஓய்ந்த முகம்.

“அங்கம்மா, அந்தக் கம்பியத் தொடு பார்க்கலாம்.”

அவள் எழுந்து கையை நீட்டினாள். எட்டவில்லை.

“புடவைய யார் மாட்டினது?”

“தர்மன் முக்காலி போட்டு மாட்டுனான்.”

“இந்த நூலைப் பாரு. நானும் பிள்ளையார்பாளையத்துல தறி வீட்டுல பொறந்தவதான். ஒரு பாவுல நீளவாட்டு இழையெல்லாம் நெய்து முடிஞ்சா அதைத் தறியிலிருந்து மொத்தமா உருவ மாட்டாங்க. பழைய இழையோட நுனியில புது இழைய ஒண்ணொண்ணா முறுக்கிச் சேர்ப்பாங்க. அதனால புதுப் பாவோட முதல் சேலை நுனியில மட்டும் பழைய கலர் ஒட்டிக்கினு வரும். கடைக்கு அனுப்பும்போது அதைக் கத்தரிச்சி எறிஞ்சிடுவாங்க. இதுல ஏன் கத்தரிக்கலை?”

அங்கம்மாள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

“சாமிக்குன்னு நேர்ந்ததுல கத்திரி படக்கூடாது இல்ல? அதனாலதானே?”

அவ்வளவுதான். அங்கம்மாள் முக்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“என் குத்தம்மா. எல்லாம் என் குத்தம். எங்க அண்ணன் மயில்வாகனம் தறியில புதுப் பாவு ஏத்துச்சி. முதல் சேலை படவேட்டம்மனுக்குன்னு வேண்டிக்கிச்சி. நெய்து முடிச்ச வாரம் பார்த்து அரிசி விலை ஏறிப்போச்சி. வீட்டுல அடுப்பு எரியலை. நான்தான் போய், அம்மனுக்கு அடுத்தது குடுக்கலாம், இத முதலாளிகிட்ட குடு, பரிசுக்கு நல்லதா ஒண்ணு தேடறாருன்னு சொன்னேன். அண்ணனுக்கு மனசே இல்ல. என் வாய்க்காகக் குடுத்துது.”

“இதை ஏன் காலையிலயே சொல்லலை?”

“சொன்னா அண்ணன சந்தேகப்படுவீங்க. அதுவுமில்லாம...” அவள் கண்ணைத் துடைத்தாள். “நான் அம்மன ஏமாத்துனேன். இப்ப ஊரு என்னைத் திருடின்னுது. சரியாத்தானே இருக்குது? போலீசுக்கே போறேம்மா. விட்டுடுங்க.”

கலியன் மெல்லச் சொன்னான்: “இன்னாம்மா ஊரு இது. செஞ்சவனும் ஒத்துக்கறான், செய்யாதவளும் ஒத்துக்கறா.”

*

பிள்ளையார்பாளையத்துத் தெருவுக்குள் ரிக்‌ஷா நுழையும்போது அம்சவேணி ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். வேண்டுதல் புடவை. கொடுக்க மனமில்லாமல் கொடுத்தவன். தங்கையின் இடுப்பில் சாவி. இதற்குமேல் என்ன வேண்டும்? ஆள் உயரமும் சரியாக இருந்துவிட்டால் முடிந்தது கேஸ்.

மயில்வாகனம் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தார். நெட்டையான மனிதர். அம்சவேணி வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“அரக்குப் புடவைய எங்க வச்சிருக்கீங்க? தங்கச்சிகிட்ட சாவிய வாங்கினீங்களா, தெரியாம எடுத்தீங்களா?”

மயில்வாகனம் ஒரு கணம் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் முகம் வெளுத்தது. சமையற்கட்டு வாசலில் நின்ற அவர் மனைவி வடிவாம்பாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“காணாமப் போயிட்சா?” என்றார் மயில்வாகனம். “அங்கம்மாவையா சொல்றாங்க?”

“நான் கேட்டதுக்குப் பதில்.”

“உள்ள வந்து பாரும்மா.”

தறியில் அதே அரக்குப் பாவு. முக்கால்வாசி நெய்து முடித்த இன்னொரு புடவை. மாங்காய்க் கரை, அதே ஜரிகை.

“ராவும் பகலுமா இதத்தான் நெய்யறேன். அம்மனுக்கு. ஆடி முடியறதுக்குள்ள சாத்திடணும்னு. கடையில இருந்தத எடுத்துடலாமான்னு எனக்குந்தான் தோணிச்சி, பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாள் கடை எதுருல போயி நின்னேன். ஆனா திருடிக் குடுத்தா அவ வாங்கிக்குவாளா? எந்த மூஞ்சிய வச்சிக்கினு சாத்துறது?”

அம்சவேணி குனிந்து தறியைப் பார்த்தாள். திருடினவன் எதற்காக மறுபடியும் நெய்யப் போகிறான்?

வடிவாம்பாள் வாசற்படியிலிருந்து சொன்னாள். “வித்த அன்னிக்கே இவரு முதலாளிகிட்ட சொன்னாரும்மா, இது வேண்டுதல் சேலைங்கன்னு. ‘அம்மன் எங்க போகப்போறா, இருந்து வாங்கிக்குவா’ன்னு சிரிச்சாரு. தென்னேரிக்காரரு, ஏர் புடிச்ச வம்சம், அவருக்குத் தறி வீட்டு வேண்டுதல் இன்னா தெரியும்னு நாங்களும் வந்துட்டோம்.”

அம்சவேணி படியிறங்கினாள். திரும்பிப் பார்த்து ஏதோ சொல்ல நினைத்தாள். மயில்வாகனம் அதற்குள் தறிக்குழியில் இறங்கியிருந்தார். ஆனால் கை ஓடவில்லை. ஊடு நூல் ஓட்டும் நாடாவைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

*

“இன்னாம்மா, ரிக்‌ஷா கனக்குது? ரெண்டு ஆளு ஏறுன மாதிரி” என்றான் கலியன், மிதித்துக்கொண்டே.

“சும்மா மிதி.”

“அந்த ஆள அப்படிக் கேட்டிருக்க வேணாம்.”

“தெரியும். மிதி.”

காந்தி ரோட்டுக்குத் திரும்பும் முனையில் படவேட்டம்மன் கோயில். தெருவோரத்துச் சின்னக் கோயில்தான். ஆடி மாதமாதலால் கூழும் வேப்பிலையுமாக வாசலில் கூட்டம். கலியன் பழக்கதோஷத்தில் ரிக்‌ஷாவை நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

“தாயே, எங்கம்மாவுக்குப் புத்தியக் குடு. புடவையக் கண்ணுல காட்டு.”

அம்சவேணியும் உள்ளே பார்த்தாள். பார்த்தவள் ரிக்‌ஷாவிலிருந்து குதிக்காத குறையாக இறங்கினாள்.

“கலியா. காட்டிட்டா.”

அம்மன் இடுப்பில் அரக்குப் பட்டு. வேப்பிலை மாலைகளுக்கு நடுவில் மாங்காய்க் கரை. முந்தானை நுனியில், கத்திரி படாமல், கடுகு மஞ்சள் நூல். காலையிலிருந்து ஊரே வந்து கும்பிட்டுவிட்டுப் போன புடவை!

பூசாரி கங்கையம்மாள் தானாகவே முன்னால் வந்தாள். அவள் முகத்திலும் அதே களை. காலையிலிருந்து பார்த்துப் பார்த்துப் பழகின, குற்றவாளிக் களை.

“எனக்கும் சந்தேகந்தாம்மா. விடியக்காலம் நடை திறக்க வரேன், படி மேல இருந்துது. மஞ்சத்தண்ணியில முழுசா நனைச்சி, வேப்பிலை வச்சி மடிச்சி. பிரிச்சதும் கடைப் புடவை மாதிரியே இருக்குதேன்னு தோணிச்சி. சொன்னா எடுத்துக்கினு போயிடுவாங்களேன்னு வாய மூடிக்கினேன். அவளுக்கு இந்த மாதிரி ஒண்ணு யாரும் சாத்துனதே இல்ல.”

“இன்னொரு குத்தவாளி” என்று கலியன் பெருமூச்சு விட்டான். “அம்மா, இப்போ அங்கம்மா பாடு இன்னும் மோசம். வேண்டுதல் புடவை அம்மன்கிட்டயே வந்துட்சின்னா, எடுத்தவ அவதான்னு ஊரே சொல்லும். கண்டுபுடிச்சி மாட்டிவுட்டோம்.”

அம்சவேணி புடவையின் கொசுவத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். பட்டு காய்ந்து சுருங்கி, மெருகெல்லாம் போய், திட்டுத்திட்டாக மஞ்சள் ஏறியிருந்தது.

“முழுசா நனைச்சா வச்சிருந்தாங்க?”

“சொட்டச் சொட்ட” என்றாள் கங்கையம்மாள்.

அம்சவேணியின் முகத்தில் இருந்த பாரம் பாதி இறங்கியது. “கலியா, வண்டிய எடு. விளக்கு வைக்கிறதுக்குள்ள போகணும்.”

*

கடை வாசலில் சீட்டும் கையுமாகக் கூட்டம் நெரிந்தது. ஒலிபெருக்கியைச் சரிபார்க்க யாரோ தட்டித் தட்டிப் பார்த்தார்கள். மாடி அறையில் வீரபாகு ஜன்னலோரம் நின்றார். அர்ஜுனன் கதவோரம். அங்கம்மாள் நடுவில்.

“கிடைச்சிதா?” என்றார் வீரபாகு.

“கிடைச்சிது. படவேட்டம்மன் கட்டிக்கினு இருக்கா.”

“அம்மன்கிட்டயா?” அம்சவேணி வேண்டுதல் கதையைச் சொன்னதும் அர்ஜுனன் துள்ளினார். “வேண்டுதல் புடவையா? அப்போ அங்கம்மாவேதான்! முதலாளி, நான் அப்பவே...”

“நான் எடுக்கலை” என்றாள் அங்கம்மாள். இன்று அவள் கடைக்குள் அதைச் சொன்னது அதுதான் முதல்தடவை. “ஆனா கூட்டிக்கினு போங்க. பரவால்ல.”

வீரபாகு ஜன்னல் பக்கமாகவே திரும்பிக்கொண்டார். “அர்ஜுனா... ஸ்டேஷனுக்கு...” குரல் பாதியில் நின்றுவிட்டது.

“ஒரு நிமிஷம்” என்றாள் அம்சவேணி. “கலியா, மத்தியானம் என்ன சாப்பிட்ட?”

“இப்ப எதுக்கும்மா அது? ரசஞ்சோறு. அத ரசம்னு சொன்னா ரசத்துக்கே அவமானம்.”

“ஏன்?”

“தாளிக்கலியே. கஞ்சத்தனம்.”

“ஆடி மாசத்துல எந்த வீட்டுல தாளிக்க மாட்டாங்க? எந்த வீட்டு ஆம்பளை சவரம் பண்ணிக்க மாட்டான்? எந்த வீட்டுல மஞ்சளையும் வேப்பிலையையும் சேர்த்து அரைச்சிக்கினே இருப்பாங்க?”

கலியனின் வாய் திறந்தபடியே நின்றது. “அம்மை போட்ட வீடு...” என்றவன், வயிற்றைப் பிடித்துக்கொண்டான். “ஐயோ அம்மா! அந்தச் சோத்தையா நான் தின்னேன்!”

“முதலாளி, மஞ்சக் கறை ஏறின அந்தக் கையக் கொஞ்சம் முன்னால கொண்டு வாங்க.”

வீரபாகு கொண்டு வரவில்லை. கொண்டு வரத் தேவையும் இருக்கவில்லை.

“கண்ணாடியில கம்பிக்குப் பக்கத்துல இருந்த தீற்றல் அங்கம்மாவுக்கு எட்டாத உயரம். முக்காலி போட்டா எட்டும்னு வச்சிக்கிட்டாலும், அவ அண்ணனுக்கு எட்டினாலும், அவங்க ரெண்டு பேரும் இல்ல. ஏன்னா தறி வீட்டுல பொறந்த கை, புதுப் பட்டைத் தண்ணியில முக்காது. கனவுலகூட முக்காது. கஞ்சி இறங்கி, பட்டு சுருங்கி, மெருகு போயிடும்னு அங்க பால்குடிக்கிற கொழந்தைக்கும் தெரியும். நூல் புடவைய மஞ்சத்தண்ணியில நனைச்சி அம்மனுக்குக் குடுக்கறது கிராமத்துப் பழக்கம். தென்னேரியிலிருந்து வந்து எவ்வளவு வருஷம் பட்டு வித்தாலும், பயம் வந்தப்போ உங்க கை ஊர்ப் பழக்கத்தைத்தான் செஞ்சிருக்குது.”

கீழே ஒலிபெருக்கி கொரகொரத்தது. வீரபாகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பொண்ணுக்கு” என்றார். “எட்டு வயசு. காய்ச்சல்ல கண்ண மூடிக்கினே ‘அரக்குப் புடவை, அரக்குப் புடவை’ன்னா. கடையில பார்த்த ஞாபகம்னு புத்தி சொல்லுது. மனசு கேக்கலை. ‘அம்மன் இருந்து வாங்கிக்குவா’ன்னு சிரிச்சேன் இல்ல, அந்தச் சிரிப்பே காதுல கேட்டுது. விடியறதுக்குள்ள வந்து எடுத்துக்கினு ஓடுனேன்.”

“நேரா எடுத்துக் குடுத்திருக்கலாமே. உங்க சரக்குதானே?”

“குலுக்கல் இல்லன்னா ஜனங்க விடுவாங்களா? காரணம் சொல்லணும். அம்மை போட்ட வீட்டுக்காரன் கடைன்னு தெரிஞ்சா எவன் படியேறுவான்? வாங்கிக் குவிச்சதெல்லாம் அப்படியே நிக்கும். திருட்டுப் போச்சின்னு சொல்லிட்டா யார் மேலயும் பழி இல்லாமப் போயிடும்னு நெனச்சேன். அங்கம்மா பேரு வரும்னு யோசிக்கலை.”

“வந்தப்புறம்?”

அதைக் கேட்டது அங்கம்மாள்.

வீரபாகு தலையைக் குனிந்துகொண்டார். “நாளைக்குக் காலையில நானே வந்து ஸ்டேஷன்ல இருந்து வெளிய எடுத்துடலாம்னு... ஒரு ராத்திரிதானேன்னு...”

“ஒரு ராத்திரி” என்றாள் அங்கம்மாள்.

“அங்கம்மா, தப்பு என்னுது. மன்னிச்சிடு. மாடியில இருக்கற பட்டுல எது வேணுமோ எடுத்துக்க. எதுவானாலும் சரி.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“இதுக்கும் விலைக் குறைப்பா, முதலாளி?”

அர்ஜுனன் செருப்பைப் பார்த்தார். கலியன் கூரையைப் பார்த்தான்.

அம்சவேணி எழுந்தாள். “கீழ மைக் இருக்குது. நான் சொல்ல மாட்டேன். திருடின்னு அவ பேரை இந்த வாசல்லதான் சொன்னீங்க.”

*

வீரபாகு மைக்கைப் பிடித்தபோது கூட்டம் கைதட்டியது. புடவை கிடைத்துவிட்டது, குலுக்கல்தான் என்று நினைத்தார்கள்.

“புடவையத் திருடுனது அங்கம்மா இல்ல” என்றார். “நான். எங்க வீட்டுல ஆத்தா வந்திருக்கா. பயத்துல எடுத்துக் குடுத்துட்டேன். பொய் சொல்லி உங்கள ஏமாத்துனேன். அந்தம்மா மேல பழி விழ விட்டேன். பரிசு கிடையாது. மன்னிச்சிடுங்க.”

கைதட்டல் ஓய்ந்தது. கல் விழுமோ என்று அர்ஜுனன் கதவைச் சாத்தத் தயாராக நின்றார். முதல் படியில் நின்றிருந்த பெண் இடுப்புக் குழந்தையோடு மெல்லக் கீழே இறங்கினாள். பக்கத்தில் இருந்தவர்களும் இறங்கினார்கள். கடுங்கோபத்தோடு சீட்டைக் கசக்கின ஒரு ஆள், கசக்கினதை எறியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“கொழந்தைக்கு எப்படி இருக்குது?” என்று எங்கிருந்தோ ஒரு பெண் குரல்.

“இறங்கிக்கினு வருது. தலைக்குத் தண்ணி ஊத்தலாம்னு சொல்லியிருக்காங்க” என்றார் வீரபாகு. மைக்கில் அவர் மூச்சு கேட்டது.

அவ்வளவுதான். காந்தி ரோட்டை அடைத்து நின்ற கூட்டம் சத்தமே இல்லாமல் கலைந்தது. யாரும் யாரிடமும் வருகிறேன் என்று சொல்லவில்லை.

அங்கம்மாள் படியிறங்கி வந்தாள். இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் கல்லாப் பலகை மேல் வைத்தாள். அவளும் ஒன்றும் சொல்லாமல் நடந்தாள்.

கலியன் ரிக்‌ஷாவைத் திருப்பினான்.

“அம்மை வீட்டுலருந்து கெளம்பறப்ப ‘போயிட்டு வரேன்’னு சொல்லக்கூடாது. ஜனங்க சொல்லாமப் போனது அதுக்காகவா, இல்ல கோவத்துலயா?”

“ரெண்டும் இருக்கும்.”

“அங்கம்மா?”

“அது அவளுக்குத்தான் தெரியும்.”

“சரி, உங்களுக்கு ஏம்மா மொகம் தொங்குது? கேச முடிச்சிட்டீங்க. அந்தம்மாவுக்கு ஜெயில் இல்ல. ரசத்தக் குடிச்ச நான்தான் பயப்படணும்.”

அம்சவேணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் துடைத்தாள்.

“மயில்வாகனத்தைத் திருடன்னு கேட்டேன் இல்ல. அவர் பொண்டாட்டி முன்னாடி. அதை எந்த மைக்குல சொல்றது?”

கலியன் வண்டியைப் பிள்ளையார்பாளையம் பக்கம் ஒடித்தான்.

பாதி வழியில் அங்கம்மாள் தனியாக நடந்துபோய்க்கொண்டிருந்தாள். ரிக்‌ஷா பக்கத்தில் நின்றது. அம்சவேணி நகர்ந்து இடம் விட்டாள். அங்கம்மாள் ஒரு நொடி யோசித்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

தெரு முனையில் திரும்பும்போதே கேட்டது. மயில்வாகனத்தின் வீட்டில் தறி ஓட ஆரம்பித்திருந்தது.

“இங்கயே நிறுத்துப்பா” என்றாள் அம்சவேணி. “நான் நடந்தே போறேன்.”